சைனஸ் மேல்முறையீடும் ஆறா ஏழா என்ற கணக்கும்

மூக்கடைப்புக்கெல்லாம் அரசாங்கம் பணம் கொடுக்குமா என்று ஊரிலிருந்து பேசும் உறவினர்கள் என்னிடம் கேட்பதுண்டு. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்குக் கொடுக்கும். ஆனால் எளிதில் கொடுத்துவிடாது. டெக்சாஸில் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் நோயாளிகளின் கோப்புகளைப் பராமரிக்கும் வேலையில் இருப்பதால், இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பணியாற்றித் திரும்பியவர்கள் தங்கள் மருத்துவக் குறிப்புகளின் நகலைக் கேட்டு வருவதை அடிக்கடி பார்க்கிறேன். வி.ஏ. என்று எல்லோரும் சொல்லும் முன்னாள் படைவீரர் நலத்துறை அவர்களுடைய கோரிக்கையை நிராகரித்திருக்கும், அல்லது பாதிப்பை அளந்து மாதத் தொகையை முடிவு செய்யும் சதவீதத்தை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வழங்கியிருக்கும். மேல்முறையீட்டுக்குத்தான் அந்த நகல்.

நோய் எங்கிருந்து வந்தது என்பதில் முன்புபோல் இப்போது பெரிய வழக்கு இல்லை. படைத்தளங்களில் பிளாஸ்டிக், மருத்துவக் கழிவு, பழுதான உபகரணங்கள் என எல்லாவற்றையும் திறந்த குழிகளில் கொட்டி, விமான எரிபொருளை ஊற்றி எரித்தார்கள். இராக்கின் பலாத் தளத்து எரிகுழி அவற்றுள் பேர்போனது. 2021 ஆகஸ்டில் வி.ஏ., நாள்பட்ட சைனஸ் அழற்சியையும் மூக்கழற்சியையும் ஆஸ்துமாவையும் அங்கிருந்த நுண்துகள் மாசினால் வந்தவை என்றே கருதி ஏற்கத் தொடங்கியது. ஆனால் பணி முடிந்து 10 ஆண்டுகளுக்குள் நோய் வெளிப்பட்டிருக்க வேண்டும் என்றது. 2022 ஆகஸ்ட் 10 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட்ட, நச்சுப் பொருள்களுக்கு ஆளான படைவீரர்களுக்கான பேக்ட் சட்டத்தில் அந்தக் கால வரம்பும் இல்லை. இந்தப் போர்க்களங்களுக்குப் போகாமல் வேறெங்கோ பணியாற்றியவர்களுக்கு மட்டும், நோய் பணியால் வந்திருக்கக் குறைந்தது சரிபாதி வாய்ப்பாவது உண்டு என்று காரணத்தோடு ஒரு மருத்துவர் எழுதித் தரும் கடிதம் இன்னமும் தேவைப்படுகிறது.

ஆகவே இப்போது என் மேசைக்கு வரும் சண்டைகளில் பெரும்பாலானவை நோய் உண்டா இல்லையா என்பதைப் பற்றியவை அல்ல. ஆண்டுக்கு எத்தனை முறை வந்தது என்பதைப் பற்றியவை. விதிப்படி சைனஸ் அழற்சி எக்ஸ்ரேயில் மட்டும் தெரிந்தால் சுழியம் சதவீதம்: பணம் கிடையாது, பணியால் வந்த நோய் என்ற ஏற்பு மட்டும் உண்டு. தலைவலி, சைனஸ் வலி, சீழ்ச்சளி அல்லது மூக்கில் பொருக்குக் கட்டுதல் ஆகியவற்றோடு ஆண்டுக்கு மூன்று முதல் ஆறு முறை வந்தால் 10 சதவீதம். ஆறு முறைக்கு மேல் என்றால் 30. பலமுறை அறுவை சிகிச்சை செய்தும் ஏறக்குறைய இடைவிடாமல் தொல்லைப்படுபவர்களுக்கு 50 சதவீதம். 2025ஆம் ஆண்டு விகிதப்படி, சார்ந்தோர் இல்லாத ஒருவருக்கு 10 சதவீதம் என்றால் மாதம் 175.51 டாலர், 30 என்றால் 537.42 டாலர். ஆறாவது முறைக்கும் ஏழாவது முறைக்கும் இடையே அந்த ஆண்டில் மாதம் 361.91 டாலர் நின்றது.

முடக்கிப்போடும் தாக்குதல் என்று இன்னொரு வழியும் விதியில் இருக்கிறது. மருத்துவர் சிகிச்சை அளித்து, படுக்கையில் ஓய்வெடுக்க வேண்டிய நிலை வந்து, நான்கு முதல் ஆறு வாரம் ஆன்டிபயாட்டிக் சாப்பிட வேண்டியிருந்தால் அது ஒரு முடக்கும் தாக்குதல். ஆண்டுக்கு ஒன்றிரண்டு வந்தால் 10 சதவீதம், மூன்றோ அதற்கு மேலோ வந்தால் 30. இந்த விதியை எழுதியவர்கள் இன்றைய கிளினிக் ஒன்றில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தால் நன்றாயிருக்கும். ஆன்டிபயாட்டிக்கை அளவாகக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவ உலகமே வலியுறுத்தும் காலத்தில், ஒரு தாக்குதலுக்கு ஐந்து முதல் பத்து நாள் மருந்து எழுதுவதே எங்கள் கிளினிக்கின் வழக்கம். நல்ல மருத்துவரிடம் போனவர் அதனாலேயே இந்த வழியில் தோற்றுப்போகிறார். எனவே மேல்முறையீடு செய்பவர்கள் முதலில் சொன்ன வகையான முடக்காத தாக்குதல்களின் எண்ணிக்கையை நிறுவுவதிலேயே கவனம் செலுத்துவது நல்லது என்பது என் கருத்து.

அந்த எண்ணிக்கைதான் கோப்பில் இருப்பதில்லை. 'நாள்பட்ட சைனஸ் அழற்சி, நிலை சீராக உள்ளது, ஸ்ப்ரேயைத் தொடரவும்' என்ற வரியை நான் நூற்றுக்கணக்கான கோப்புகளில் பார்த்திருக்கிறேன். சிகிச்சைக்கும் காப்பீட்டுக்கும் அது போதும், வி.ஏ. அலுவலர் படிக்கும்போதோ, நோயாளி நன்றாக இருக்கிறார் என்று பொருளாகிவிடுகிறது. 'சென்ற வருகைக்குப் பின் இரண்டு முறை வந்தது, ஒவ்வொன்றும் பத்து நாள் நீடித்தது, பச்சை நிறச் சீழ்ச்சளி, வலது கன்னத்தைத் தொட்டால் வலி' என்று எழுதப்பட்டிருந்தால் அதே வருகை வழக்கில் இரண்டு தாக்குதலாக நிற்கும். மருத்துவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நோயாளி சொன்னால்தானே அவர் எழுதுவார். சளிக்கெல்லாம் மருத்துவ முகாமுக்குப் போனால் சக வீரர்கள் கேலி செய்வார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து பழகியவர்கள், வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே இருந்துவிடுகிறார்கள்.

வி.ஏ. ஏற்பாடு செய்யும் பரிசோதனையிலும் இந்தப் பழக்கமே காலை வாருகிறது. பரிசோதிப்பவர் நிரப்பும் படிவத்தில், கடந்த 12 மாதங்களில் முடக்காத தாக்குதல் எத்தனை என்ற கேள்விக்கு ஒன்றிலிருந்து கட்டங்கள் இருக்கும். கடைசிக் கட்டம் 'ஏழு அல்லது அதற்கு மேல்'. 'நாலைந்து தடவை வந்திருக்கும், பரவாயில்லை' என்று பேச்சுவாக்கில் சொன்னால் ஐந்தாவது கட்டத்தில் குறி விழுந்துவிடும், பிறகு அதை அசைப்பது பெரும்பாடு. ஒரு நோயாளியின் மனைவி சமையலறை நாட்காட்டியையே கொண்டுவந்து காட்டினார்: தாக்குதல் தொடங்கிய நாளும் முடிந்த நாளும் சிவப்பு மையில் வட்டமிடப்பட்டு, ஓரத்தில் சளியின் நிறமும் வேலைக்குப் போகாத நாட்களும் குறிக்கப்பட்டிருந்தன. உடம்பில் தான் உணர்வதையும் கண்ணால் காண்பதையும் சொல்ல மருத்துவப் பட்டம் தேவையில்லை என்பதை நீதிமன்றங்கள் ஏற்றிருப்பதால், இத்தகைய நாட்காட்டியோடு மனைவியும் உடன் பணியாற்றியவரும் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலமும் சான்றாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

2019 பிப்ரவரி 19 முதல் மேல்முறையீட்டுக்கு மூன்று பாதைகள் உள்ளன. புதிய, தொடர்புடைய சான்று கையிலிருந்தால் துணைக் கோரிக்கை. சான்று எதையும் சேர்க்காமல், இருக்கும் கோப்பையே மூத்த அலுவலர் ஒருவர் பார்த்துத் தவறைத் திருத்த வேண்டுமென்றால் உயர்நிலை மறுஆய்வு. நீதிபதி முன் செல்ல வேண்டுமென்றால் மேல்முறையீட்டு வாரியம். சைனஸ் வழக்கில் குறை பெரும்பாலும் சான்றில்தான் இருக்கிறது என்பதால் முதல் பாதையே பலருக்கும் பொருந்தும். ஏழு தாக்குதல்களும் ஏற்கெனவே கோப்பில் இருந்தும் அலுவலர் கவனிக்காமல் விட்டிருந்தால் இரண்டாவது போதும். எந்தப் பாதையானாலும் முடிவு வந்த ஓராண்டுக்குள் எடுத்துவிட வேண்டும். அப்படித் தொடர்ந்து எடுத்துக்கொண்டே வந்தால், கடைசியில் வென்றபோது முதல் கோரிக்கை வைத்த காலத்திலிருந்தே நிலுவையைக் கோர முடியும். ஓராண்டைத் தவறவிட்டுப் பிறகு துணைக் கோரிக்கை வைத்தால், பொதுவாக அதை வைத்த நாளிலிருந்துதான் கணக்கு. வாரியமும் கைவிரித்தால், 120 நாட்களுக்குள் முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம்.

உதவிக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. டி.ஏ.வி., வி.எஃப்.டபிள்யூ., அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இலவசமாகவே வழக்கை நடத்துகிறார்கள். வழக்கறிஞர்கள் வி.ஏ.வின் முதல் முடிவு வந்த பிறகுதான் கட்டணம் கேட்கலாம். நிலுவைத் தொகையில் 20 சதவீதம் வரை நியாயமானது என்றும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டது நியாயமற்றது என்றும் விதி கருதுகிறது. முதல் விண்ணப்பத்துக்கே முன்பணம் கேட்டு, வரப்போகும் உயர்வில் பல மாதத் தொகையையும் எழுதி வாங்கிக்கொள்ளும் நிறுவனங்களின் துண்டுப் பிரசுரங்கள் எங்கள் வரவேற்பறை மேசையிலும் அவ்வப்போது வந்து கிடக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் எடுத்துக் குப்பையில் போடுகிறேன். யாராவது கேட்டால், அங்கீகாரம் பெற்றவர்களின் பெயர்களைத் தேடிப் பார்க்கும் வசதி வி.ஏ.வின் இணையதளத்திலேயே இருப்பதைக் காட்டிவிடுகிறேன்.