நங்கநல்லூர் ஃப்ளாட்

ரசம் வைக்க பாத்திரம் தேடினப்ப கீழ் ஷெல்ஃப்ல ஒரு எவர்சில்வர் அடுக்கு கிடைச்சுது. விளிம்புல பேர் வெட்டி, பக்கத்துல 1987னு வருஷம்.

கல்யாணத்துக்கு வந்திருக்கோம், மண்டபம் பக்கத்துலயே இருக்கணும்னு நாள் வாடகைக்கு எடுத்த ஃப்ளாட். சென்னைல நங்கநல்லூர். 32 அடி ஆஞ்சநேயர் கோயில் நடக்கற தூரம், ஏர்போர்ட்டும் கிட்டதான், மத்தியானம் ஆச்சுன்னா ஃப்ளைட் சத்தத்தைத் தவிர தெருவே தூங்குது.

ஃப்ரிட்ஜ் மேல ஒரு பேப்பர். அசைவம் சமைக்கக் கூடாது, மோட்டார் போட்டா ஆஃப் பண்ணவும், அது இதுன்னு. சரி, அவங்க வீடு.

வாட்ச்மேன் அண்ணன்தான் சொன்னார், பையன் அமெரிக்கால, அம்மாவையும் கூட்டிட்டுப் போயிட்டாராம், பூட்டி வச்சா கரையான் அரிக்கும்னு இப்படி விட்டிருக்காங்க, இந்த பில்டிங்லயே இன்னும் சில வீடு இதே கதைதானாம்.

சோபா, ஏசி, டிவி எல்லாம் புதுசு. பாத்திரத்தை மட்டும் யாரும் மாத்தல. யாரோட சீரோ, இப்ப வாரத்துக்கு ஒரு குடும்பம் அதுல சமைக்குது.

அம்மாவுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்ல. "நல்ல கனம்டா, இப்ப இப்படி வர்றதில்ல, விலைக்குக் குடுப்பாங்களான்னு கேளேன்"ங்கறாங்க.