16 தையல்களோடு 14 மாதங்கள்

கெரட்டோகோனஸ் என்கிற கூம்புக் கருவிழி நோய் எனக்கு 22 வயதில் உறுதியானது. கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கருவிழி (கார்னியா) மெலிந்து கூம்புபோலப் புடைக்கும் நோய் இது. மொரீஷியஸில் ரோஸ் ஹில்லில் வசிக்கும் நான், வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றுக்குச் சென்று, அதன் வளைவைச் சீராக்க வலக்கருவிழிக்குள் பிறை வடிவ நெகிழி வளையத் துண்டுகள் இரண்டைப் பொருத்திக்கொண்டேன். ஐந்தாம் ஆண்டில் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தியது. கரும்பு வெட்டுக் காலத்துத் தூசி என்று 3 வாரம் அலட்சியமாக இருந்துவிட்டேன். உண்மையில், ஒரு துண்டின் மேலிருந்த திசு மெலிந்து அதன் முனை வெளியே தலைகாட்டியிருந்தது. அவ்வழியே கிருமித் தொற்றும் புகுந்திருந்தது. துண்டுகளை அகற்றித் தொற்றை ஆற்றிய பின்னும், பார்வையின் நடுவே தழும்பு நின்றுவிட்டது.

கருவிழி மாற்றுதான் வழி என்றானதும், "கொடுத்தவரின் இரத்தப் பிரிவு பொருந்துமா?" என்று அம்மா எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் கேட்டார். கருவிழியில் இரத்தக் குழாய்கள் இல்லாததால் வழக்கமாக அதைப் பார்ப்பதில்லை என்றார் மருத்துவர். உடல் பெரும்பாலும் எதிர்ப்பது உள்பக்கச் செல்களைத்தான் என்பதால், என் உள்படலத்தை வைத்துக்கொண்டு முன்னடுக்குகளை மட்டும் மாற்றவே முயல்வதாகவும், அது கிழிந்தால் முழுத் தடிமனையும் மாற்ற நேரும் என்றும் அவர் விளக்க, இரண்டுக்கும் கையொப்பமிட்டேன். படலம் கிழிந்தது; முழுவதும் மாற்றினார்கள்.

அறுவை சிகிச்சை எனக்குத் தூக்கத்திலேயே முடிந்துவிட்டது. தலைமுடியைவிட மெல்லிய 16 நைலான் தையல்களோடு வாழ்ந்ததுதான் நீண்ட வேலை. பல வாரங்களுக்கு எல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பதுபோலவே தெரிந்தது. ஸ்டீராய்டு சொட்டு மருந்து கண் அழுத்தத்தை உயர்த்தக்கூடும் என்பதால் ஒவ்வொரு முறையும் அழுத்தத்தை அளந்தார்கள். இரவில் கண்கவசம் கட்டியே படுத்தேன். அவ்வாண்டு தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கவில்லை. கண் சிவந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ அன்றே வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஐந்தாம் மாதம் மீண்டும் அதே மணல் உறுத்தல் வந்தபோது மறுநாளுக்குக்கூடக் காத்திராமல் ஓடினேன். தளர்ந்த தையல் ஒன்று. மரப்புச் சொட்டு விட்டுச் சில நிமிடங்களில் எடுத்துவிட்டார்கள்.

எல்லாத் தையல்களும் நீங்க 14 மாதங்களாயின. கருவிழி இன்னும் சீராக வளையவில்லை. கடினக் கான்டாக்ட் லென்ஸ் போட்டால்தான் அந்தக் கண்ணால் படிக்க முடிகிறது. கண்ணாடியே தேவைப்படாது என்று நான் நம்பியிருந்தது என் தவறு, மருத்துவர் அப்படிச் சொல்லவேயில்லை. இடக்கண்ணுக்கு வளையம் வேண்டாமென்று, ரைபோஃபிளேவின் சொட்டு விட்டுப் புற ஊதாக் கதிர் பாய்ச்சிக் கருவிழியை உறுதியாக்கும் கிராஸ்-லிங்கிங் செய்துகொண்டேன். நோய் இதுவரை முற்றவில்லை. கண்ணைக் கசக்கும் பழக்கம் நோயை வளர்க்கும் என்று தெரிந்தும், தூக்கக் கலக்கத்தில் இன்னும் கை போய்விடுகிறது. ஆகவே இரவில் கவசம் கட்டுவதை இன்னும் விடவில்லை.