நிறத்தைப் பார்த்தேன், அளவைப் பார்க்கவில்லை

தினமும் காலை ஆறே முக்காலுக்கு எனக்கு ஒரு மெயில் வரும். அனுப்புவது மனுஷன் இல்லை, பேக்கப் மென்பொருள். ராத்திரி ஓடிய ஜாப்களின், அதாவது நகலெடுக்கும் வேலைகளின், பட்டியல் அதில் இருக்கும்: சர்வர் பெயர், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எடுத்த அளவு, கடைசியில் ஒரு சின்னக் கட்டம். கட்டம் பச்சை என்றால் நல்லபடியாக முடிந்தது. மஞ்சள் என்றால் எங்கோ இடித்திருக்கிறது. சிவப்பு என்றால் அன்றைய காலை போச்சு. பல வருஷமாக அந்த மெயிலைத் திறப்பேன், வலது ஓரத்தில் மேலிருந்து கீழே கண்ணை ஒரு ஓட்டு ஓட்டுவேன், எல்லாம் பச்சை, மூடிவிடுவேன். மொத்தம் நான்கு நொடி.

அந்த நான்கு நொடிப் பழக்கம் எனக்கு எப்படி வேட்டு வைத்தது என்பதுதான் இந்தப் பதிவு.

அறுபது சொச்சம் கணினிகள், ஐந்து சர்வர்கள், பொறுப்புக்கு நான், கூட ஒரு பையன். எங்கள் ஐடி பிரிவு அவ்வளவுதான். ஒரு நாள் மதியம் கணக்குப் பிரிவிலிருந்து அக்கா கூப்பிட்டார். அந்தப் பிரிவிலேயே மூத்தவர், என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

"தம்பி, பெரிய ஃபோல்டரையே காணோம். நேத்து சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சு."

புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதைப் பழைய நகல் என்று நினைத்து அழித்துவிட்டார். நெட்வொர்க் ஷேரில், அதாவது சர்வரில் எல்லோருக்கும் பொதுவான ஃபோல்டரில், அழித்தால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேரே காற்றோடு போய்விடும். எனக்குத் துளிப் பதற்றம் இல்லை. "பத்து நிமிஷம் குடுங்கக்கா, நேத்து ராத்திரி பேக்கப்புலேர்ந்து எடுத்துத் தர்றேன்" என்றேன். அதை நான் சொன்ன தோரணையை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

பேக்கப்பிலிருந்து மீட்கும் ரீஸ்டோர் திரையைத் திறந்தேன். ஃபைல் சர்வரைத் தேர்ந்தெடுத்தேன். முந்தைய நாள் தேதி, பச்சை. இடப்பக்கம் டிரைவ்களின் பட்டியல் விரிந்தது: சி, டி. அவ்வளவுதான். நான் தேடி வந்தது ஈ டிரைவ். திரையை மூடி மறுபடி திறந்தேன். சி, டி. அதற்கு முந்தைய நாளுக்குப் போனேன். சி, டி.

பதினோரு மாதம் முன்பு டி டிரைவ் நிறைந்துபோனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்து புது டிஸ்க் சேர்த்து, ஈ என்று பெயர் கொடுத்து, எல்லாவற்றையும் அங்கே நகர்த்தினேன். ஷேரின் பெயரை மாற்றவில்லை, அது காட்டும் இடத்தை மட்டும் மாற்றினேன். திங்கட்கிழமை வந்தவர்கள் யாருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு. பழைய பிரதி இருக்கட்டும் என்று டி-யில் அப்படியே விட்டுவைத்தேன்.

பேக்கப் ஜாப் அதற்கும் மூன்று வருஷம் முன்னால் உருவாக்கியது. "தேர்ந்தெடுத்த டிரைவ்கள் மட்டும்" என்ற இடத்தில் சி, டி இரண்டிலும் டிக். அப்போது ஈ பிறக்கவே இல்லை. மென்பொருளுக்கும் நான்தான் சொல்லவில்லை. அது சொன்னதைச் சொன்னபடி செய்தது: யாரும் தொடாத டி டிரைவைப் பதினோரு மாதம் ராத்திரி ராத்திரி காவல் காத்து, காலையில் பச்சைக் கட்டம் போட்டு மெயில் அனுப்பியது. பொய்யே சொல்லவில்லை.

அன்று ராத்திரி பழைய மெயில்களை வரிசையாகத் திறந்து பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. டிரைவ் மாற்றுவதற்கு முந்தைய வாரம் வரை அந்தச் சர்வருக்கு "எடுத்த அளவு" தினமும் ஐந்து ஜிபி, ஆறு ஜிபி. மாற்றிய மறுநாளிலிருந்து இருநூறு எம்பி. அதற்கடுத்த நாளும் இருநூறு எம்பி. பச்சைக் கட்டத்துக்கு ஒரு விரல்கடை இடப்பக்கத்தில், முந்நூறுக்கும் மேற்பட்ட மெயில்களில், அந்த எண் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.

மீட்டதெல்லாம் அரைகுறை. டி-யில் விட்டுவைத்த பிரதியால் பதினோரு மாதத்துக்கு முந்தையது முழுசாகத் தப்பியது. அழிந்த ஃபைல்களைத் தேடும் கருவியை ஓட்டியதில் கொஞ்சம் கிடைத்தது, பாதிக்குப் பெயர் இல்லை. மிச்சம், அக்கா மாதக் கடைசியில் தன் பென் டிரைவில் போட்டுவைத்த நகல்களும் மெயிலில் யாருக்கோ இணைத்து அனுப்பியவையும். பென் டிரைவ் கூடாது என்று சுற்றறிக்கை விட்டதே நான்தான். அதை அவர் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை. விட்டுப்போனதைத் திரும்பத் தட்டச்சு செய்து முடிக்க ஐந்து வாரம் ஆனது.

அந்த அளவு ஏன் இவ்வளவு பேசுகிறது என்பதை அதற்குப் பிறகுதான் யோசித்தேன். எங்களைப் போலப் பல இடங்களில் பேக்கப் இப்படித்தான் ஓடுகிறது. முதல் நாள் முழுப் பிரதி. அடுத்த நாளிலிருந்து மாறியது மட்டும். ஒரு பெரிய ஃபைலில் ஒரு வரி மாறினால் அந்தப் ஃபைல் முழுவதையும்கூட எடுப்பதில்லை, டிஸ்க்கில் மாறிய துண்டை மட்டும் எடுக்கும். ஆகவே அந்த எண் சேமிப்புக் கணக்கு மட்டும் இல்லை, நேற்று அந்தச் சர்வரில் எவ்வளவு வேலை நடந்தது என்பதன் நாடித்துடிப்பு. கணக்குப் பிரிவு நாள் முழுக்க உழைத்த சர்வரில் இருநூறு எம்பிதான் மாறியது என்றால் நாடி பிடிக்கத் தெரிந்தவன் அன்றைக்கே கேட்டிருப்பான்.

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களை வைத்துக்கொள்ளும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். அசதியோடு வேலை பார்த்த ஒரு பொறியாளர், தவறான சர்வரில் தரவுத்தள ஃபோல்டரை அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. சரி, பேக்கப் இருக்கிறதே என்று போனால், தினசரி பேக்கப் சில பைட்டுகளே உள்ள ஃபைல்களை உருவாக்கிக்கொண்டிருந்தது. காரணம் சப்பையானது: தரவுத்தள மென்பொருள் போஸ்ட்கிரெஸின் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவியோ பழைய 9.2 பதிப்பு, இரண்டும் ஒத்துப்போகவில்லை. வீடு மாறியிருந்தது, காவல்காரர் பழைய வீட்டு வாசலிலேயே நின்றார். தோல்வி என்று சொல்லும் மெயில்கள் போகத்தான் செய்தன, ஆனால் மெயில் சர்வர் அவற்றைச் சரியான டிஜிட்டல் கையெழுத்து இல்லாதவை என்று வாங்காமல் தள்ளிவிட்டது. கிளவுடில் பிரதிகள் இருக்கவேண்டிய இடம் காலி. கடைசியில் காப்பாற்றியது, வேறு ஏதோ சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்துவைத்த ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து டிஸ்க்கின் அப்படியே ஒரு பிரதி. அதையும் மெதுவான டிஸ்க்கிலிருந்து நகலெடுக்கப் பதினெட்டு மணி நேரம் போல ஆனது. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டி, பின்னர் நடந்ததை ஒளிக்காமல் எழுதிவைத்தார்கள். அந்தத் தைரியம் எனக்கு இல்லை, ஐந்து வாரமும் நான் யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை.

இப்போது எங்கள் சர்வர்கள் எல்லாவற்றுக்கும் "முழு இயந்திரம்". வேண்டாததை மட்டும் விலக்குகிறோம். டிரைவைத் தேர்ந்தெடுப்பதற்கும் விலக்குவதற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று பையன் கேட்டான். தேர்ந்தெடுத்தால் மறந்தது வெளியே நிற்கும், விலக்கினால் மறந்தது உள்ளே வந்துவிடும் என்றேன். அவனுக்குப் பிடித்துவிட்டது.

தரவுத்தள சர்வருக்கு இன்னொரு கவலை. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் ஃபைலை அப்படியே நகலெடுத்தால் பாதி பழையது, பாதி புதியது. குழுப் படம் எடுக்கும்போது "அசையாதீங்க" என்று சொல்வதுபோல ஒரு நொடி அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். விண்டோஸில் 2003 சர்வர் காலத்திலிருந்தே அதற்கென்று ஷேடோ காப்பி சேவை இருக்கிறது, பேக்கப் மென்பொருள்கள் அதைத்தான் கூப்பிடுகின்றன. அந்தச் சேவை கோளாறு செய்தால் பல நேரம் வருவது மஞ்சள் கட்டம்தான். மஞ்சளைச் சும்மா விடுகிறவர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும்.

கணினிகள், மடிக்கணினிகள் கதை வேறு. சர்வர் ராத்திரி விழித்திருக்கும், மடிக்கணினி பையில் தூங்கும். ராத்திரி ஒரு மணிக்கு ஜாப் வைத்தால் அது ஓடவே ஓடாது. ஓடாத ஜாப் சிவப்பாகவும் வராது, பட்டியலிலேயே இருக்காது. அதனால் அவற்றுக்கு நேரம் குறிப்பதை விட்டுவிட்டேன், நெட்வொர்க்கில் சேர்ந்தவுடன் எடுத்துக்கொள்கிறது. விண்டோஸ், நிரல்கள் எதையும் எடுப்பதில்லை, அதற்கு எல்லாக் கணினிக்கும் பொதுவாக நிறுவித் தயாராக வைத்த ஒரே இமேஜ் போதும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், அவுட்லுக் மெயில்களைச் சேமித்துவைக்கும் பிஎஸ்டி ஃபைல்கள் போன்றவைதான் முக்கியம். நெட்வொர்க் ஷேரில் வையுங்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் டெஸ்க்டாப்பில் "நியூ ஃபோல்டர் 3" இருக்கத்தான் செய்யும், அதில்தான் உயிரே இருக்கும்.

வாரம் ஒரு தடவை டொமைனில், அதாவது அலுவலகக் கணினிகளை ஒரே நிர்வாகத்தில் வைக்கும் அமைப்பில், உள்ள கணினிகளின் பட்டியலையும் பேக்கப் திரையில் உள்ள பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறோம். முதல் வாரம் ஒன்பது கணினிகள் பேக்கப்பில் இல்லை. அதில் ஒன்று என்னுடையது.

அளவு கூடினாலும் கதை உண்டு. ஒரு சர்வர் வழக்கமாக ஐந்து ஜிபி எடுத்துவிட்டு ஒரு ராத்திரி எண்ணூறு ஜிபி எடுத்தால், யாரோ வீடியோக்களைக் கொட்டியிருக்கலாம். அல்லது பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர் எல்லா ஃபைலையும் பூட்டிக்கொண்டிருக்கலாம், ஏனென்றால் பூட்டிய ஒவ்வொரு துண்டும் மென்பொருள் கண்ணுக்கு "மாறியது"தான், பேக்கப் அதைச் சுருக்கவும் முடியாது. அந்த ரான்சம்வேர் கூட்டம் உள்ளே வந்தால் ஷேடோ காப்பிகளை அழிக்கும், பேக்கப் சர்வரையும் தேடும். எங்கள் பேக்கப் சர்வரும் டொமைனிலேயே இருந்தது, அதே அட்மின் பாஸ்வேர்டு. பீரோவைப் பூட்டிச் சாவியை அதன் மேலேயே வைத்த கதை. இப்போது டொமைனுக்கு வெளியே இருக்கிறது, பாஸ்வேர்டு ஒரு காகிதத்தில், பூட்டிய லாக்கரில். கிளவுடில் உள்ள பிரதியை முப்பது நாளைக்கு யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டியிருக்கிறோம், என்னாலும் முடியாது. பிரதி வேறு கட்டடத்தில்தான் இருக்க வேண்டும் என்பதற்கு 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் எரிந்த, ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் தரவு மையமே போதும். தங்கள் பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்களுக்கு இரண்டும் போனது.

"எல்லாம் போச்சுன்னா எவ்வளவு நேரத்துல திரும்ப வரும்?" என்று மேலாளர் ஒரு கூட்டத்தில் கேட்டார். நல்ல கேள்வி, அதுவரை யாரும் கேட்காதது. வாயால் சொல்லாமல் கணக்குப் போட்டுக் காட்டினேன். நான்கு டிபி தரவு, அலுவலக நெட்வொர்க் ஒரு கிகாபிட், நடைமுறையில் நொடிக்கு 110 எம்பி என்று வைத்தால் சுமார் பத்து மணி நேரம். அதையே கிளவுடிலிருந்து 100 மெகாபிட் இணையத்தில் இறக்கினால் மூன்றரை நாளுக்கு மேல், இணைப்பு ஒருமுறைகூடத் துண்டிக்காமல் இருந்தால். அறை அமைதியாகிவிட்டது. மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைப் பற்றிச் சொன்னேன்: 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீய நிரல் தாக்கியபோது, ஒன்றையொன்று பார்த்து நகலெடுத்துக்கொண்டிருந்த அவர்களின் டொமைன் கன்ட்ரோலர்கள், அதாவது யார் யார் உள்ளே வரலாம் என்று வைத்திருக்கும் சர்வர்கள், சேர்ந்தே அழிந்தன. கானாவில் ஒன்று மட்டும் அந்நேரம் மின்வெட்டில் அணைந்திருந்ததால் பிழைத்தது. அதன் தரவை இணையத்தில் அனுப்பினால் நாள்கணக்கில் ஆகும் என்று ஹார்ட் டிஸ்க்கை விமானத்தில் ஆள் கொண்டுபோனார்கள். ரெய்டு, அதாவது ஒரு டிஸ்க் செத்தாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைப்பது, இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். ரெய்டு டிஸ்க் சாவதைத் தாங்கும், ஆள் அழிப்பதையும் அதே நொடியில் எல்லா டிஸ்க்கிலும் பத்திரமாக அழிக்கும் என்றேன். அந்தக் கூட்டத்திற்குப் பிறகு இரண்டாவது பேக்கப் பெட்டி பக்கத்துக் கட்டடத்தில் வந்தது.

காலை மெயிலில் இப்போது ஒரு பத்தி கூடுதல், நானே எழுதிய சின்ன ஸ்கிரிப்ட் போடுவது: ஒவ்வொரு சர்வருக்கும் கடந்த முப்பது நாள் சராசரி, பக்கத்தில் நேற்றைய அளவு. பாதிக்குக் கீழே போனாலோ மூன்று மடங்குக்கு மேலே போனாலோ அந்த வரி மேலே ஏறி நிற்கும். விடுமுறை நாட்களில் தேவையில்லாமல் கத்தும், கத்தட்டும்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ரீஸ்டோர் சோதனை. மீட்டுப் பார்க்காத பேக்கப் ஏட்டுச் சுரைக்காய்தானே. எதை மீட்பது என்று நான் தேர்ந்தெடுப்பதில்லை, எனக்குத் தெரிந்ததைத்தான் தேர்ந்தெடுப்பேன் என்று எனக்கே தெரியும். அக்காதான் சொல்வார். போன மாதம் ஈ டிரைவில் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒரு எக்செல் ஃபைலைச் சொன்னார். நான்கு நிமிஷத்தில் வந்தது. நான் திறந்து காட்டினேன், பச்சையாக ஏதோ செய்தி வந்தது, மூடப் போனேன். "இருங்க தம்பி" என்று மௌஸை வாங்கிக்கொண்டு கடைசி வரிசை வரை உருட்டிப் போனார், கூட்டுத்தொகையைக் கால்குலேட்டரில் ஒருமுறை போட்டுப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார்.