மொட்டை மாடியில் 33 சுற்று

கல்யாணமாகி ஈப்போவிலிருந்து புதுச்சேரி முத்தியால்பேட்டைக்கு நான் வந்தது 2020 ஜனவரியில். மலேசியாவில் காலையில் ஓட்டம், மாலையில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் உணவுக்கடையில் ரொட்டி சானாய் (நம்ம பரோட்டா மாதிரி), தே தாரிக் (ஆற்றிய பால் டீ) என்று இருந்தவள். இங்கே எனக்கு முதலில் பிடித்தது பீச் ரோடுதான். காலை ஏழரை வரைக்கும் வண்டி விடமாட்டார்கள். காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரைக்கும் நிம்மதியாக நடக்கலாம். இந்த ஊரில் இருந்துவிடலாம் என்று தோன்றிய நேரத்தில், மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு.

முதல் இரண்டு வாரம் தின்றதுதான் நினைவில் இருக்கிறது. எல்லோரும் வீட்டில் இருந்ததால் பஜ்ஜி, கேசரி, முறுக்கு என்று அடுப்பு அணையவே இல்லை. ஈப்போவில் அம்மாவுக்கு மார்ச் 18-லேயே நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்துவிட்டது. சாமான் வாங்க வீட்டுக்கு ஒருவர்தான் போகலாம், அதுவும் 10 கிலோமீட்டருக்குள். தினமும் போனில் பேசி இருவரும் அழுவோம்.

அத்தை ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "மாடி சும்மாத்தானே கிடக்கு, போய் நடம்மா" என்றார். 30 அடி நீளம், 20 அடி அகலம். ஓரமாகச் சுற்றினால் 100 அடி, 33 சுற்று போட்டால் ஒரு கிலோமீட்டர். ஏப்ரல் வெயிலில் தளம் சீக்கிரமே சுடும் என்பதால் ஐந்தரைக்கே ஏறிவிடுவேன். இரண்டு மாதமாக முகம் தெரியாதிருந்த தெரு, அங்கேதான் எனக்குப் பழக்கமானது. வடகம் பிழிய வந்த பக்கத்து வீட்டு அக்கா, எதிர் மாடியில் தண்டால் எடுக்கும் பையன், செடிக்குத் தண்ணீர் ஊற்றும் தாத்தா. நான் ஒருநாள் வராவிட்டால் அக்கா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுப்பார். எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

ஊரடங்கில் படகுகள் போகாமல் மீன் நின்றுபோனது. அப்புறம் ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலமும் வந்தது. வழக்கமான 61 நாளை அந்த வருஷம் 47 நாளாகக் குறைத்தார்கள். அதுவரைக்கும் எங்களுக்குக் கருவாடுதான். அதற்கு ஜோடியாக அத்தை கூழ் காய்ச்சினார். கேழ்வரகு மாவை முந்தின இரவே கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் நொய் வெந்ததும் ஊற்றிக் கட்டி தட்டாமல் கிளற வேண்டும். ஆறியதைத் தண்ணீர் ஊற்றி வைத்து, அடுத்த காலையில் மோர், உப்பு, சின்ன வெங்காயம் போட்டுக் கரைத்தால் மதியம் வரைக்கும் பசிக்காது. பஜ்ஜி தானாகவே நின்றது. நடந்து இறங்கியதும் கூழ் குடிக்காமல் எனக்குப் பொழுது விடியாது என்றானது.

பீச் ரோடு திறந்ததும் அத்தையையும் கூட்டிக்கொண்டு போனேன். நடப்பதற்கென்றே அவர் கடற்கரைக்கு வந்தது அன்றுதான். பாதி வழியில் அம்மாவின் போன். ஈப்போவில் கேழ்வரகு மாவு வாங்கிவிட்டாராம், எத்தனை பங்கு தண்ணீர் என்று கேட்டார். அத்தையிடம் போனைக் கொடுத்தேன்.