ஜூரி இல்லாத நாட்டில் ஜூரி உளவியல்: எதிரி தரப்பு வழக்கறிஞர்களுக்கான ஒரு தேர்வு அனுபவம்

முதுகலைச் சட்டப் படிப்பில் உளவியலும் சட்டமும் குறித்த தாளைத் தேர்ந்தெடுப்பவர்கள், ஜூரியே (குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) இல்லாத நாட்டில், அதன் உறுப்பினர்களான ஜூரர்களின் மனம் இயங்கும் விதத்தை எதற்காகப் படிக்க வேண்டும் என்றே முதலில் கேட்பார்கள். இராயபுரத்தில் குடியிருந்து, ஜார்ஜ் டவுனிலும் உயர் நீதிமன்ற வளாகத்து செஷன்ஸ் நீதிமன்றங்களிலும் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தரப்பில் ஆஜராகிக்கொண்டே இத்தாளை எழுதியவன் என்ற முறையில் என் பரிந்துரை இதுதான்: ஒவ்வொரு ஆய்வைப் படிக்கும்போதும், தனியாக அமர்ந்து தீர்ப்பெழுதும் நீதிபதியிடம் இது எந்த அளவுக்குச் செல்லும் என்ற ஒரே கேள்வியைப் பக்க ஓரத்தில் எழுதி வையுங்கள். விடைத்தாளுக்கும் வழக்குக்கும் அதுவே பயன்படும்.

வரலாற்றுப் பகுதியில் அதிக நேரம் செலவிட வேண்டாம். ஆனாலும் நம் ஊர் வழக்குகளைத் தெரிந்துகொண்டால் பாடம் அந்நியமாகத் தோன்றாது. இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் 1945 இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூரி முன்பாகத்தான் விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றார்கள்; அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1947 இல் விடுதலையானார்கள். இராயபுரம் கல்லறைச் சாலை வீட்டில் நடந்த ஆளவந்தார் கொலையின் விசாரணையும் அதே உயர் நீதிமன்றத்தில் நடந்து, 1953 இல் முடிந்தது. கடற்படை அதிகாரி நானாவதி மீதான பம்பாய்க் கொலை வழக்கில் 1959 ஆம் ஆண்டு ஜூரி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றவாளி அல்ல என்று சொன்னதாலேயே அம்முறை ஒழிந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். அது முழு உண்மை அன்று. சட்ட ஆணையத்தின் 14 ஆவது அறிக்கை 1958 இலேயே அதைக் கைவிடப் பரிந்துரைத்துவிட்டது. 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமல் போயிற்று.

நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி, நான்சி பென்னிங்டனும் ரீட் ஹேஸ்டியும் முன்வைத்த கதைக் கோட்பாடு. கேட்பவர் சாட்சியங்களை ஒவ்வொன்றாக எடைபோட்டுக் கூட்டிக் கழிப்பதில்லை. அவற்றை ஒரு கதையாகக் கோத்துக்கொண்டு, அந்தக் கதைக்குப் பொருந்தும் முடிவுக்கு வருகிறார் என்பதே அதன் சாரம். 1988 இல் வெளியான அவர்களுடைய சோதனையில், அரசு தரப்புச் சான்றுகள் கதை வரிசையிலும் (நிகழ்ச்சி நடந்த முறைப்படி) எதிரி தரப்புச் சான்றுகள் சாட்சி வரிசையிலும் (சாட்சிகள் வந்து சொல்லும் முறைப்படி) சொல்லப்பட்டபோது 78 விழுக்காட்டினர் குற்றவாளி என்றார்கள். இரு தரப்புக்கும் வரிசையை மாற்றியபோது அது 31 விழுக்காடாகக் குறைந்தது. சான்றுகள் மாறவில்லை, அடுக்கிய முறை மட்டுமே மாறியது.

நம் விசாரணையோ பெரும்பாலும் சாட்சி வரிசையில்தான் நடக்கிறது. முதலில் புகார்தாரர், பிறகு நேரில் கண்டவர்கள், மகசர் (பொருள்களைக் கைப்பற்றியதற்கான பதிவு) சாட்சிகள், மருத்துவர், கடைசியில் புலனாய்வு அதிகாரி. இடையில் பல வாய்தாக்கள். ஆனால் அரசு தரப்புக்கு முதல் தகவல் அறிக்கையிலும் குற்றப்பத்திரிகையிலும் கதை ஆயத்தமாகவே இருக்கிறது. சிதறி வரும் சாட்சியங்கள் அதில் போய் ஒட்டிக்கொள்கின்றன. எதிரி தரப்புக்கு அப்படி எழுதி வைத்த கதை எதுவும் இல்லை. கொருக்குப்பேட்டையில் இரவில் நடந்த ஒரு கத்திக்குத்து வழக்கைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். ஒரு சாட்சியிடம் தெருவிளக்கு எரியாததையும், இன்னொருவரிடம் காவல் நிலையத்துக்குப் போன நேரத்தையும், மூன்றாமவரிடம் முன்விரோதத்தையும் கேட்டு வாங்கிவிட்டுச் சும்மா இருந்தால், அவையெல்லாம் இயல்பான சிறு முரண்பாடுகள் என்று தீர்ப்பில் ஒரே பத்தியில் ஒதுக்கப்படக்கூடும். இருட்டில் யார் குத்தியது என்று தெரியாமல், பழைய பகையால் நிலையத்தில் வைத்துப் பெயர் சேர்க்கப்பட்டது என்ற ஒரே இழையில் அவற்றைக் குறுக்கு விசாரணையிலேயே கோத்து, ஒவ்வொரு சாட்சியிடமும் 'இப்படித்தானே நடந்தது' என்ற அதே பரிந்துரைக் கேள்வியை வைத்து, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 351 ஆம் பிரிவின்படி எதிரியைக் கேள்வி கேட்கும்போதும் அதையே சொல்ல வைத்தால், நீதிபதியின் முன் வேறொரு கதை நிற்கிறது. எதிரி எதையும் மெய்ப்பிக்கத் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் 1984 ஆம் ஆண்டு சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சூழ்நிலைச் சான்று குற்றத்தைத் தவிர வேறு எந்தக் கருதுகோளுக்கும் இடம் தரக்கூடாது என்றபோது, அந்த வேறு கருதுகோளைக் காட்டும் வேலை நடைமுறையில் நம் தலையில்தான் விழுகிறது. கதைக் கோட்பாட்டையும் சார்தா தீர்ப்பையும் இணைத்து எழுதும் விடை, கோட்பாட்டை மட்டும் ஒப்பிக்கும் விடையைக் காட்டிலும் கனமானது.

பயிற்சி பெற்ற நீதிபதிக்கு இவையெல்லாம் பொருந்துமா என்ற எதிர்வாதத்துக்கும் ஆய்வுகளே விடை தருகின்றன. ஹாரி கால்வனும் ஹான்ஸ் சைசலும் அமெரிக்காவில் 3,576 வழக்குகளைத் திரட்டி 1966 இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ 78 விழுக்காடு வழக்குகளில் ஜூரியும் நீதிபதியும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். கத்ரி, ராக்லின்ஸ்கி, விஸ்ட்ரிச் ஆகிய மூவர் அமெரிக்காவின் 167 கூட்டாட்சி மாஜிஸ்திரேட் நீதிபதிகளிடம் நடத்தி 2001 இல் வெளியிட்ட ஆய்வில், முதலில் காதில் விழும் எண்ணுக்கு மனம் கட்டுப்படுவதும், நடந்து முடிந்ததை முன்பே கணித்திருக்கலாம் என்று நினைப்பதும் நீதிபதிகளையும் விட்டுவைக்கவில்லை.

ஒப்புதல் வாக்குமூலப் பகுதியில் கவனம் தேவை. 1997 இல் காசினும் சுகலும் நடத்திய சோதனையில், வற்புறுத்திப் பெற்ற வாக்குமூலம் தங்கள் முடிவைப் பாதிக்கவில்லை என்று சொன்ன பாவனை ஜூரர்களிடமும் (சோதனைக்காக ஜூரர்களாக இருந்தவர்கள்) அதன் பாதிப்பு தெரிந்தது. ஆனால் கத்ரி, ராக்லின்ஸ்கி, விஸ்ட்ரிச் மூவரின் 2005 ஆய்வில், ஏற்கத்தகாத தகவல்கள் பலவற்றை ஒதுக்க முடியாமல் திணறிய நீதிபதிகள், வழக்கறிஞர் உரிமையை மீறிப் பெற்ற வாக்குமூலத்தை மட்டும் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டார்கள். எனவே நீதிபதியும் ஜூரரும் ஒன்றே என்று எழுதிவிடாதீர்கள். நம் சட்டத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 23 ஆம் பிரிவு போலீசாரிடம் சொன்ன வாக்குமூலத்தைத் தடுக்கிறது. ஒரு பொருளையோ உண்மையையோ கண்டெடுக்க இட்டுச் சென்ற பகுதியை மட்டும் அனுமதிக்கிறது. அந்தப் பகுதிக்கு மேல் ஒரு வரி சான்றாவணமாகக் குறியீடு செய்யப்பட்டாலும் உடனே ஆட்சேபம் பதிவாக வேண்டும். எதிரியின் பழைய வழக்குகளைப் பற்றிய பேச்சு இன்னும் ஆபத்தானது. வடசென்னையின் வியாசர்பாடி என்ற முகவரியைப் பார்த்ததுமே ஒரு முடிவுக்கு வந்துவிடும் மனங்கள் நீதிமன்றத்துக்கு வெளியே ஏராளமாக இருக்கின்றன. உள்ளே ஒன்றுகூட இல்லை என்று நான் நம்பவில்லை.

சாட்சியின் நினைவாற்றல் பற்றி லாஃப்டஸும் பாமரும் 1974 இல் செய்த சோதனையை மட்டும் நன்றாகப் படித்தால் போதும். வாகனங்கள் 'தொட்டன' என்று கேட்டதைவிட 'நொறுங்க மோதின' என்று கேட்டபோது, பார்த்தவர்கள் சொன்ன வேகம் கூடியது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி போலீசார் பதிவு செய்யும் 180 ஆம் பிரிவு வாக்குமூலத்தில் சாட்சியின் சொல் எது, எழுதியவரின் சொல் எது என்று பிரித்துப் பார்க்க இது உதவும்.

ஜூரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை பற்றிய அத்தியாயத்தை ஒருமுறை புரட்டினால் போதும்; நீதிபதியை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. வண்ணாரப்பேட்டையிலிருந்து உயர் நீதிமன்றத்துக்கு மெட்ரோவில் போகும் நேரம் ஒரு தீர்ப்புக்குக்கூடப் போதாது என்பதால், நான் பயணத்தில் பிரிவு எண்களை மட்டுமே மனப்பாடம் செய்தேன். பழைய சட்டத்தின் எண்ணையும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின் எண்ணையும் சேர்த்தே படியுங்கள். முன் தீர்ப்புகள் எல்லாம் பழைய எண்ணில்தான் இருக்கின்றன.