நிற்கிற லாரியைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்

நான்குவழிச்சாலை விபத்து என்றதும் எல்லாரும் வேகமாக வருகிற லாரியைத்தான் திட்டுகிறோம். என்னைக் கேட்டால், நம்ம திருநெல்வேலிப் பக்கம் ராத்திரியில் கார் ஓட்டுகிறவர்களுக்குப் பெரிய எமன் நிற்கிற லாரிதான். சாலைப்புதூர் டோல்கேட்டைத் தாண்டினால் கயத்தாறு, கங்கைகொண்டான், தாழையூத்து, அப்புறம் தெற்கே மூன்றடைப்பு, நாங்குநேரி, வள்ளியூர் என்று வழிநெடுக எங்காவது ஒரு டாரஸ் என்கிற பல சக்கரப் பெரிய லாரியோ டிரெய்லரோ விளக்கை அணைத்துவிட்டு ஓரமாக நிற்கும். சிமெண்ட், ஜல்லி, எம்-சாண்ட், தூத்துக்குடி துறைமுகத்து கண்டெய்னர், காற்றாலை இறக்கை என எல்லாம் நம்ம ஊர் வழியாகத்தான் போகிறது. ஓரம் என்று சொல்கிறேனே தவிர, பாதி வண்டி வெள்ளைக் கோட்டுக்கு உள்ளேதான் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் கடக்கிறது. விளக்கை டிம்மில் வைத்தால் தெளிவாகத் தெரிவது சுமார் 40, 50 மீட்டர். முன்னால் இருட்டாக ஏதோ தெரிகிறதே, அது ஓடுகிறதா நிற்கிறதா என்று மூளைக்குப் பிடிபட்டு, கால் பிரேக்குக்குப் போவதற்கே ஒரு நொடிக்கு மேல் ஆகிவிடும். மிச்சமிருக்கிற தூரத்தில் எந்தக் காரும் நிற்காது.

மோதினாலும் ஏர்பேக் காப்பாற்றும் என்று நம்புகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். காரின் முன்பக்கம் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளத்தான் பம்பரும் அதன் பின்னாலுள்ள இரும்புச் சட்டமும் இருக்கின்றன. லாரியின் பாடி அதைவிட உயரம். அதனால் பானெட் லாரிக்கு அடியில் நுழைந்துவிடும், முதல் அடி முன்கண்ணாடியில்தான் விழும், அதாவது தலையில். இதைத் தடுக்கத்தான் லாரியின் பின்னால் தாழ்வாக ஒரு தடுப்புக் கம்பி கட்டாயம் என்று விதி இருக்கிறது. நம்ம பக்கத்து டிப்பர்களில் பின்னால் குனிந்து பாருங்கள். குவாரியில் ரிவர்ஸ் எடுக்கும்போது இடித்து மேல்நோக்கி வளைந்து கிடக்கும், சிலவற்றில் கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள், சிலவற்றில் இருக்கவே இருக்காது. எப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்குப் போகிற அன்றைக்கு மட்டும் ஒழுங்காக இருந்தால் போதுமா?

ஒளிரும் ஸ்டிக்கரும் அப்படித்தான். பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டத்தான் செய்கிறார்கள், ஆனால் சிமெண்ட் தூசியும் ஜல்லிப் பொடியும் அப்பி அது இருப்பதே தெரிவதில்லை. கங்கைகொண்டான் பக்கம் ஒரு டீக்கடையில் நின்ற டாரஸ் டிரைவரிடம், "அண்ணாச்சி, பின்னாடி ஸ்டிக்கர் ஒண்ணுமே தெரியலயே" என்றேன். "மழை பெஞ்சா அதுவே கழுவிரும் தம்பி" என்றார். நம்ம ஊரில் மழை எப்போது பெய்ய! ஆனாலும் நல்ல மனுஷன், ஈரத் துணியை எடுத்து வந்து அவரே துடைத்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் பைக் விளக்கை அடித்துப் பார்த்தோம், சிவப்புக் கோடு பளிச்சென்று தெரிந்தது. ஒரு துணி, அரை வாளித் தண்ணீர், அவ்வளவுதான் வேலை.

அவரையும் குறை சொல்ல முடியாது. நேஷனல் பெர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர் கட்டாயம் என்றிருந்ததை 2018-ல் எடுத்துவிட்டார்கள். பல வண்டிகளில் இப்போது கிளீனரும் கிடையாது. நடைக்கு இவ்வளவு என்று சம்பளம், கண் சொருகுகிற வரைக்கும் ஓட்டிவிட்டு எங்கே முடியவில்லையோ அங்கே ஓரங்கட்டுகிறார்கள். ஆள் இல்லாத இடத்தில் போட்டுத் தூங்கினால் டீசல் திருடு போகும், தார்ப்பாய் போகும் என்று அவர்களுக்குப் பயம். வெளிச்சமும் கழிப்பறையும் காவலும் உள்ள லாரி நிறுத்தம் போதுமான அளவு கட்டாமல் "ரோட்டில் நிறுத்தாதே" என்று போர்டு மட்டும் வைத்தால் அவர்கள் எங்கே போவார்கள்?

பிரேக் டவுன் ஆனால் இன்னொரு கூத்து. ஒளிரும் முக்கோணத்தை வைப்பதற்குப் பதிலாகக் கல்லை வைத்து, உடைமரக் கொப்பை ஒடித்துப் போடுகிறார்கள். ராத்திரியில் அது யார் கண்ணுக்குத் தெரியும்? வண்டி சரியானதும் கிளம்பிப் போய்விடுவார்கள், கல் மட்டும் அங்கேயே கிடக்கும். அடுத்து பைக்கில் வருகிறவன் அதில் ஏறி விழுகிறான். பிறருக்கு ஆபத்தாக வண்டியை நிறுத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஓவர்லோடுக்குக் காட்டுகிற கண்டிப்பில் பாதியை ராத்திரி ரோந்தில் இதற்கும் காட்ட வேண்டும்.

கார்க்காரர்களுக்கு: எதிரே வண்டி இல்லாதபோது ஹை பீம் போடுங்கள், ராத்திரியில் 80-ஐத் தாண்டாதீர்கள், விடியக்காலம் இரண்டிலிருந்து ஐந்து வரைக்கும் ஓட்டுவதைத் தவிர்க்கப் பாருங்கள். இருட்டில் லாரி நிற்பதைப் பார்த்தால் சும்மா கடந்து போகாமல் நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கு அடித்துச் சொல்லுங்கள். ஊர்ப் பெயரோடு பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும், மதுரை போகிற பக்கமா நாகர்கோவில் போகிற பக்கமா என்பதையும் சேர்த்துச் சொன்னால், ரோந்து வண்டிக்கு இடம் தேடி அலையாமல் நேரே வந்து சேர முடியும்.