லாலாவின் ஓட்டை ஓடு

நவம்பர் 12, 2024, செவ்வாய்

காலை ஆறே காலுக்கு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. மாரடைப்பு, ராத்திரி தூக்கத்திலேயே. 48 வயது. முழுப்பெயரைப் போட்டிருந்ததால் யாரோ என்று நினைத்து அடுத்த செய்திக்குப் போய்விட்டேன். அப்புறம்தான் உறைத்தது. லாலா.

அவன் ஊர் லாலாப்பேட்டை. 1993இல் திருச்சியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஊர்ப்பெயரில் பாதி அவன்மேல் ஒட்டிக்கொண்டது. மூன்று வருஷமும் வாத்தியார்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

கிளாம்பாக்கத்தில் பஸ் பிடித்து, திருச்சி சத்திரத்தில் கரூர் பஸ் மாறி, குளித்தலை தாண்டிப் போய் இறங்கும்போது மணி நாலரை. மூன்று மணிக்கே எடுத்துவிட்டார்களாம். வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

நவம்பர் 13, புதன்

ஆபீஸ் போனேன். வேலை எப்போதும்போல ஓடியது. அதுதான் சங்கடமாக இருந்தது.

நவம்பர் 16, சனி

குழுவில் கும்பிடும் கைகள் நின்றுவிட்டன. இன்று யாரோ பழைய ஹாஸ்டல் படம் ஒன்றைப் போட, ஆளாளுக்குக் கதை சொல்கிறார்கள். என்னிடம் இருக்கும் கதை அந்தக் குழுவுக்கு நீளம். இங்கே எழுதி வைக்கிறேன்.

1995 தீபாவளிக்கு நான் ஊருக்குப் போகவில்லை. வீட்டில் அப்பாவோடு சண்டை. "வாடா மாப்ள, எங்க வீட்ல அதிரசம் தின்ன ஆளில்ல" என்று லாலா இழுத்துக்கொண்டு போனான். வாழையும் வெற்றிலைக் கொடிக்காலுமாக இருந்த ஊர். ஓட்டு வீடு. அவனுடைய அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தார்.

மறுநாள், அக்டோபர் 24, சூரிய கிரகணம். வடக்கே ராஜஸ்தான் பக்கமெல்லாம் முழுசாக மறைந்தது, நமக்குப் பாதிதான். அம்மா சாப்பாட்டிலெல்லாம் தர்ப்பையைப் போட்டு, கதவைச் சாத்தி, அக்காவை உள் அறையில் உட்கார வைத்துவிட்டார். நாங்கள் வெளியே போனால் காலை ஒடித்துவிடுவதாகச் சொன்னார்.

எனக்கு எரிச்சல். இயற்பியல் மூன்றாம் வருஷம் படிக்கிறோம், கிரகணத்தன்று வீட்டுக்குள் அடைந்து கிடப்பதா? லாலா வாதாடவே இல்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு ஓட்டில் பொத்தல். அதன் வழியாக வெயில் சரிந்து எதிர்ச்சுவரின் அடியில் வட்டமாக விழும். அந்த வட்டம் பொத்தலின் வடிவம் இல்லை, சூரியனுடைய பிம்பம். பொத்தலிலிருந்து சுவர்வரை உள்ள தூரத்தை நூற்றெட்டால் வகுத்தால் அதன் அளவு வந்துவிடும். மூன்று மீட்டருக்கு ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிது. பாடத்தில் எல்லோரும் படித்ததுதான், அந்த வீட்டில் அது அவனுக்கு மட்டும் தோன்றியது.

எட்டரை வாக்கில் சுவரில் இருந்தது வட்டமே இல்லை. கடித்து வைத்த அதிரசம் மாதிரி இருந்தது.

"அக்கா, இங்க வா. வெளிய எல்லாம் போக வேண்டாம். சூரியனே உன்னப் பாக்க வந்திருக்கு."

அக்கா தயங்கித் தயங்கி வந்து பார்த்தார். "எந்தப் பக்கம்டா கடிச்சிருக்கு?" என்று கேட்டார். தலைகீழாகத் தெரியும் என்று அவன் விளக்க ஆரம்பித்தான். அம்மாவும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். திட்டவில்லை. அந்தச் சந்தடியில் லாலா தர்ப்பையை நகர்த்திவிட்டு இரண்டு அதிரசம் தின்றதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

நவம்பர் 19, செவ்வாய்

எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணம் கோவை, ஈரோடு, கரூர், திருச்சி வழியாக, நேராக அவன் வீட்டுக்கு மேலேயே போனது. பத்து நாள் முன்பே போன் செய்தான். அப்போது அரசுப் பள்ளியில் பிளஸ் டூ வாத்தியார். "நடுவுல கருப்பு, சுத்தி வளையம், நம்ம ஓட்டை வழியா. பசங்களையும் வரச் சொல்லியிருக்கேன். நீயும் வாடா." வருஷக் கடைசி, லீவு கிடைக்காது என்றேன். லீவு இருந்தது. சோம்பல்தான். அன்று டிவியில் பார்த்தேன். "அடுத்தது 2031 மே 21, மதுரைப் பக்கம். அதுக்காச்சும் வா" என்றான்.

நவம்பர் 27, புதன்

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். நல்ல மழை. முன்வீடு இப்போது தார்ஸ். பின்கட்டு மட்டும் அதே ஓடு. அக்காவுக்குத் தலை நரைத்துவிட்டது. "ஞாபகம் இருக்கா தம்பி, இவதான் அன்னிக்கு வயித்துல இருந்தவ" என்று ஒரு பெண்ணைக் காட்டினார். 28 வயது. கிரகணத்தைப் பார்த்ததற்கு அடையாளம் எதுவும் இல்லை. மாமனைப் போலவே சிரிப்பு.

சாப்பிட்டுக் கை கழுவப் போகும்போது பின்கட்டில் டொக், டொக் என்று சத்தம். கூரையிலிருந்து அலுமினியக் குண்டானில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு ஓடு. மாத்தவே விடமாட்டேன்னுட்டான்" என்றார் அக்கா.

குண்டான் நிரம்பியிருந்தது. அந்தப் பெண் அதை எடுத்துப்போய் முற்றத்தில் கொட்டிவிட்டு, அதே இடத்தில் திரும்ப வைத்தாள்.